அநுராதபுரம் காணச் செல்வோர்

வவுனியாவில் வாழ்வோர்க்கு மிக அணித்தாயுள்ள பழந்தலைநகர் எது என வினவினால், நல்லூர் என்பாரும் உளர். கடல் கடந்து தஞ்சையை எண்ணுவாரும் உளர். ஆயின், தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சென்றால் அநுராதபுரம் வந்துவிடுகின்றது. கி.மு. நான்காம் நூற்றாண்டு முதல் கி.பி. பத்தாம் நூற்றாண்டின் இறுதிவரை, இடையிடையே சிறு தடைகள் நேர்ந்தபோதிலும், இலங்கையின் அரசிருக்கையாய் விளங்கிய நகர் அது. அதன் ஓரமாக ஓடும் மல்வத்து ஓயாவைப் பழைய பாளி நூல்கள் கதம்ப நதி எனக் குறிக்கும். அவ்வாறே வடமேற்காகத் திரும்பி வன்னிக் காட்டினூடு பாய்ந்து, அருவியாறு என்னும் தமிழ்ப்பெயர் பூண்டு, தேக்கத்தில் மறிக்கப்பெற்றுக் கட்டுக்கரைக் குளத்துக்கு நீரளித்து, அரிப்புக்கு அண்மையிற் கடலொடு கலக்கின்றது. மன்னார்ப் பகுதி உழவர் அந்நீரால் நெல் விளைக்கின்றனர். தலைநகரின் ஆறு வன்னி மக்களுக்குப் பழக்கமான ஆறுதான். தலைநகர் மட்டும் பலருக்குப் பழக்கமில்லாது போய்விட்டது.

அதற்குக் காரணம் உண்டு. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஏறி அநுராதபுரத்தில் இறங்குவது எளிதாயிற்று. பின்னர் வந்த ஆண்டுகள் கொடியவை. 1977 ஓகஸ்ற் மாதத்தில் அந்நகரிலே தமிழர் தாக்கப்பட்டனர். நெடுங்காலம் அங்கே குடியிருந்தோர் பலர் வீடு வாசலை விட்டு வடக்கே பெயர்ந்தனர். 1985 மே 14ஆம் நாள் தமிழ் ஆயுதக் குழுவினர் அந்நகருட் புகுந்து, பேருந்து நிலையத்திலும் வெள்ளரசின் முன்றிலிலும் நின்ற பொதுமக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். 1990 யூன் மாதத்தோடு வடக்கே புகையிரதம் ஓடுவது நின்றது. 2013 செப்ரெம்பரில் அது மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தபோது, அந்நகரிற் பிறந்து இருபது வயது கடந்திருந்த இளைஞர் பலர் தம் ஊர் நிலையத்திற் புகையிரதத்தைக் கண்டது அதுவே முதன்முறை. 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணம் வரை பாதை இணைந்தது.

இவ்விரு துயரங்களுள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றதை மறந்தவராய் அந்நகருக்குச் செல்வது முறையன்று. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும். கேளாத பிள்ளைக்கு வலிந்து சொல்லவேண்டியதில்லை. கேட்கும் பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தல் கூடாது.

இனி, நகர் காண்பது பற்றிப் பேசலாம். விடுமுறை நாட்களில் வன்னிப் பாடசாலைகளிலிருந்து வரும் பேருந்துகள் பெரும்பாலும் ஒரே முறையிற் செல்கின்றன. காலை எட்டு மணிக்கு வெள்ளரசு, ஒன்பதுக்கு ருவன்வெலிசாய, அதன்பின் ஒவ்வொரு தாதுகோபமாக ஓட்டம், நண்பகலிற் கட்டுச்சோறு, பிற்பகல் மிகிந்தலை, மாலையிற் கடைத்தெரு. வீடு திரும்பிய பிள்ளையிடம் கண்டதென்ன என்று கேட்டால், வெள்ளையாய்ப் பெரிதாய் ஒன்று, செங்கல்லாய்ப் பெரிதாய் ஒன்று என்று விடை வரும். பிள்ளைமேற் குற்றமில்லை. பன்னிரண்டு இடங்களை ஒரு பகலிற் காட்டினால் எவர் மனத்திலும் எதுவும் தங்காது. நான்கு இடங்கள் போதும். அவற்றுள்ளும் முதலாவது தாதுகோபமாய் இருக்கவேண்டியதில்லை. குளக்கட்டிலே தொடங்குவது நன்று.

வன்னிப் பிள்ளைக்குக் குளத்தைப் பற்றி எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. துருசு எது, வான் எது, அலைகரை எது என்பது அவன் தன் ஊரில் நடந்து பழகியறிந்தது. அபயவாவி எனப்பட்ட பசவக்குளத்தைப் பண்டுகாபயன் கட்டினான் என்பது மரபு. திசாவாவி தேவநம்பிய தீசனின் பெயரால் வழங்குவது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டினது. நகர் பெருகப் பெருக இக்குளங்களின் நீர் போதாதாயிற்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் தென்கிழக்கே நெடுந்தொலைவிற் கலாவாவியைக் கட்டி, அங்கிருந்து 54 மைல் நீளமான வாய்க்கால் ஒன்றின் வழியே திசாவாவிக்கு நீர் கொணர்ந்தான். யோத எல என இன்று வழங்கும் அவ்வாய்க்காலின் முதற் பதினேழு மைலில், மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு. வயலிலே வரம்பு கட்டி நீர் பாய்ச்சியவர்க்கு இதன் அருமை விளங்கும். நூறு அடி நீளமான வாய்க்காலைச் சீராகச் சரித்து வெட்டுவதே எளிதன்று. காடும் மேடும் கற்பாறையும் நிறைந்த நிலத்தில், ஒரு மைலுக்கு ஒரு சாண் அளவுகூட இறங்காமல் நீரை அசையச் செய்தவர்கள் எந்த அளவுகோலைக் கையிற் பிடித்திருந்தனரோ!

அவ்வாய்க்காலுக்குப் பெரும்பகுதியும் ஒரு கரையே உண்டு. மேட்டுப்புறம் திறந்து கிடக்கும். மழைநீர் அப்புறமிருந்து வழிந்து வாய்க்காலிற் சேரும். வழியிலுள்ள சிற்றூர்க் குளங்களுக்கும் பங்கு கிடைக்கும். பாழ்பட்டுக் கிடந்த கலாவாவியை ஆங்கில ஆட்சியினர் 1880களிற் புதுக்கியபோது, பழையோர் வகுத்த வழியையே பின்பற்றினர்.

துருசைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். குளம் பெரிதாக, அடியில் நீரின் அழுத்தமும் பெரிதாகும். கட்டின் அடியிலே துளையிட்டு நீரைத் திறந்தால் அது கட்டையே அரித்துக்கொண்டு போய்விடும். பண்டைய இலங்கைக் குளங்களிற் கட்டின் உட்புறத்தே கல்லாற் சதுரக் கிணறு ஒன்று அமைத்து, நீரை முதலில் அதனுள் விழச்செய்து, வேகம் தணித்து, அளவாக வெளிவிட்டனர். சிங்களத்தில் இதனைப் பிசோகொட்டுவ என்பர். நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இந்நாட்டிற் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது நூலிலே இதனை வியந்து விரித்துரைத்தார். அதே பார்க்கர் வன்னியின் வவுனிக்குளத்தையும் ஆராய்ந்து, பழைய பேலிவாவி அதுவே என்றும், அது எல்லாளனோடு தொடர்புடையதென்றும் கருதினார். வவுனிக்குளத்து நீரில் நெல் விளைக்கும் கமக்காரரின் பிள்ளை திசாவாவிக் கட்டிலே நிற்கும்போது, புதியதோர் உலகுக்கு வந்துவிட்டதாக எண்ணவேண்டியதில்லை. இருகுளத்தும் இருப்பது ஒரே கைத்திறன்.

தாதுகோபங்களுக்கு வருவோம். துட்டகைமுனு தொடங்கிய ருவன்வெலிசாய இன்று வெண்சுதை பூண்டு ஒளிர்கின்றது. அடியார் கூட்டம் எந்நேரமும் உண்டு. தூபாராமம் இவையெல்லாவற்றுக்கும் மூத்தது. லோவமகாபாயாவின் 1600 கற்றூண்களைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிடுவர். நிரைக்கு 40 ஆக 40 நிரை. ஒன்பது மாடங்களும் செம்புக் கூரையும் உடையதாயிருந்ததென மகாவம்சம் கூறும் மாளிகையில் எஞ்சியவை அத்தூண்களே.

வியப்பை அளவோடு அறிய விரும்புவோன் சேதவனத்துக்குச் செல்லவேண்டும். மகாசேனன் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே தொடங்கிய இத்தூபி, முழுமையாய் நின்ற காலத்தில் ஏறத்தாழ 400 அடி உயர்ந்திருந்தது. எகிப்து நாட்டுப் பெருங்கூம்புகள் இரண்டே அக்கால உலகில் அதனினும் உயரமானவை. ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் அதில் உள்ளன என்பர். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, அச்செங்கற்களைக் கொண்டு பத்தடி உயரமும் ஓரடித் தடிப்பும் உள்ள மதிலை இலண்டனிலிருந்து எடின்பரோ வரை எழுப்பலாம் எனக் கணக்கிட்டார். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குச் சென்று மீண்டுவரும் தூரம் அது. வீட்டுக்குச் செங்கல் அறுத்து, அடுக்கி, சூளையிட்டவர்கள் வன்னியிற் பலர் உளர். அவர்களே இத்தூபியின் பெருமையைச் சரியாய் மதிக்கவல்லவர்.

இந்நகரைக் காண வந்தோருள் முதலில் நினைக்கத்தக்கவர் சீனத் துறவி பாகியன். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து இரண்டாண்டு தங்கினார். அபயகிரி விகாரையில் ஐயாயிரம் துறவியர் இருந்தனர் என எழுதினார். அவர் எழுதியவற்றுள் எண்ணிக்கைகளைக் காட்டிலும் நெஞ்சிற் பதிவது வேறொன்று. நாடு விட்டுப் பல்லாண்டு கழிந்துவிட்டது, உடன் வந்தோருட் சிலர் இறந்தனர், சிலர் பிரிந்தனர். ஒருநாள் பச்சைக்கற் புத்தர் சிலை அருகே வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டார். அது அவருடைய நாட்டு விசிறி. கண்ணீர் பெருகிற்று என்று அவரே குறித்துள்ளார். அந்நியத் தேயங்களிற் பிள்ளைகள் வாழும் வன்னிக் குடும்பங்களுக்கு இக்கண்ணீர் புதிதன்று. அபயகிரியின் இடிபாடுகளுக்கிடையே நின்று இக்கதையைச் சொன்னால், பிள்ளைகள் நெடுநேரம் அமைதியாய்க் கேட்பர்.

தமிழ்ப் பயணிகள் அந்நகரிற் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எல்லாளன் சமாதி எங்கே?

சோழநாட்டிலிருந்து வந்து கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நாற்பத்து நான்கு ஆண்டு அநுராதபுரத்தில் ஆண்டவன் எல்லாளன். அவனைப் பற்றிய நற்செய்தி வருவது தமிழ் நூலிலிருந்தன்று. பௌத்த துறவி ஒருவர் பாளி மொழியில் இயற்றிய மகாவம்சத்திலிருந்து. நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒரே நீதி செய்தான் என்று அந்நூல் அவனைப் போற்றுகின்றது. படுக்கையின் தலைமாட்டில் ஆராய்ச்சி மணி கட்டுவித்தான். அவன் மகன் திசாவாவிக்குத் தேரேறிச் செல்கையில், வழியிற் கிடந்த கன்றின்மீது அறியாது சக்கரத்தைச் செலுத்தினான். தாய்ப்பசு வந்து மணியை அசைத்தது. அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துணிப்பித்தான். திருவாரூரில் மனுநீதிச் சோழன் மேலதாய் வழங்கும் கதையும் இதுவே. அங்கே கோயில் வீதி. இங்கே குளத்து வழி. காலையிற் பிள்ளைகள் நின்ற அதே திசாவாவி.

மணியின் கதை இன்னொன்றும் உண்டு; அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிழவி ஒருத்தி வெயிலில் நெல் உலர்த்தியிருந்தாள். காலமல்லாக் காலத்து மழை வந்து நெல்லை நனைத்துவிட்டது. அவள் சென்று மணியை அடித்தாள். மழைமேல் வழக்கு! அரசன் அதனைத் தள்ளிவிடவில்லை. மன்னன் நெறி நின்றால் மழையும் நெறி நிற்கும் என எண்ணி உண்ணாநோன்பு கிடந்தான். அதன்பின் ஏழு நாளைக்கொருமுறை, இரவின் நடுயாமத்தில் மட்டுமே மழை பெய்தது என்பது கதை. காலபோக அறுவடை முடிந்து முற்றத்திலே நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தை நோக்கி நிற்கும் வன்னிப் பெண்களுக்கு, அரசர்க்குரிய இலக்கணங்களுள் இதனினும் உயர்ந்தது வேறு தோன்றாது.

முதுமையில் எல்லாளன் துட்டகைமுனுவோடு பொருதான். நகரின் தென்வாயிலருகே யானைமேலிருந்து இருவரும் தனித்துப் போர்புரிய, முதியவன் வீழ்ந்தான். வென்றவன் செய்தது உலக வரலாற்றில் அரியது. நகர மக்களை ஒன்றுகூட்டிப் பகைவனுக்கு ஈமக்கடன் செய்தான். வீழ்ந்த இடத்தே நினைவுச் சின்னம் எழுப்பினான். அதனை வணங்குமாறு பணித்தான். அவ்வழிச் செல்லும் அரசர் வாத்திய ஒலியை அடக்கிச் செல்வர் என மகாவம்சம் கூறுகின்றது. இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவ்வழக்கம் மாயவில்லை. 1818ஆம் ஆண்டு ஆங்கிலேயர்க்கு எதிராகக் கண்டிச் சீமையில் எழுந்த கிளர்ச்சி தோல்வியுற்றபோது, தப்பியோடிய பிலிமத்தலாவை என்னும் பெருந்தலைவர், நடக்க மாட்டாத நிலையிலும் அவ்விடத்தே பல்லக்கை விட்டிறங்கி, அதனைக் கடக்கும்வரை நடந்தே சென்றார் என்பர். உயிருக்கு ஓடும் ஒருவர், தம் குலத்தவன் அல்லாத பழைய அரசன் ஒருவனுக்காகப் பல்லக்கிறங்கியிருக்கிறார்.

ஆயின், நகரின் தெற்கே நெடுங்காலம் எல்லாளன் சமாதி எனக் காட்டப்பட்ட பெருமேடு, இருபதாம் நூற்றாண்டின் அகழாய்வில் தக்கிண தூபி என்னும் பௌத்த தூபியென அறியப்பட்டது. இதனைக் கேட்டுச் சிலர் சினம் கொள்வதுண்டு. சினத்துக்கு இடமில்லை. மேடு வேறாயினும், இறங்கி நடந்த வழக்கம் மெய். ஒரு செங்கற்குவியல் தமிழ் மன்னனுடையதா அன்றா என்று வழக்காடுவதிலும், பகைவனைப் போற்றிய கதையைப் பகைவனின் வழியினரே எழுதிக் காத்து வந்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது பயனுடையது.

தமிழர் அந்நகரில் அரசராயும் படைவீரராயும் மட்டும் வாழ்ந்தவரல்லர். அபயகிரியின் அண்மையில் ஒரு பாறையில் பிராமி எழுத்திலே பிராகிருத வாசகம் உண்டு. அவ்விடம் தமிழ் இல்லத்தலைவர்களின் மண்டபம் என்று அது கூறுகின்றது. அங்கே கூடியோர்க்குரிய இருக்கைகள் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. அவருள் ஒருவன் மரக்கலத் தலைவன். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துக் கல்வெட்டு இது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளிலும் விசாகன் என்னும் தமிழ் வணிகன் பெயர் காணப்படுகின்றது. அவன் பௌத்த துறவியர்க்குக் குகை அளித்தவன். மாதோட்டத்துறையிற் சரக்கை இறக்கி, அருவியாற்றுப் பக்கமாகத் தலைநகருக்குச் செல்லும் வணிகர் வன்னியூடாகவே போயிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் நான்கு நாட்டார் என்னும் குழுவினர் அநுராதபுரத்தில் மாக்கோதைப் பள்ளி என்னும் பௌத்தப் பள்ளி அமைத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டொன்று தருகின்றது. நகரின் வடபாலிற் சைவக் கோயில்களின் அடித்தளங்களைத் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் அகழ்ந்து கண்டார். தமிழரென்றால் சைவர், சிங்களவரென்றால் பௌத்தர் என்று பாடநூலுக்காக வகுத்த கோடு அந்நகரத்துக் கற்களில் இல்லை.

அந்நகர் அழிந்தது எவ்வாறு? இதனையும் மறையாது கூறவேண்டும். ஐந்தாம் மகிந்தன் படைக்கு ஊதியம் கொடுக்க மாட்டாதவனானான்; படை கலகம் செய்தது; அவன் தெற்கே ஓடினான். இந்நிலையிற் கி.பி. 993 அளவில் முதலாம் இராசராசனின் சோழப்படை வந்தது. விகாரைகள் சூறையாடப்பட்டன, தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. எல்லாளனின் நீதியைப் பெருமையோடு பேசும் நாவு இச்சூறையாட்டத்தைப் பேசத் தயங்குமாயின், அது வரலாறு ஆகாது, வீட்டுப் புராணமாகும்.

பின்னர்க் குளங்கள் ஒவ்வொன்றாய் உடைந்தன. காடு மூடிற்று. அக்காட்டு நிலத்தின் குறுநிலத் தலைவர்கள் வன்னியர் எனப்பட்டனர். பனங்காமத்தில் மட்டுமன்று, அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியாவிலும் சிங்களத் தலைவர் அதே பட்டத்தைத் தாங்கினர். 1679இல் கண்டிச் சிறையிருப்பிலிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், பாழடைந்த இந்நகரின் கற்றூண்களைக் கண்டு, ஆற்றின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு நடந்து அரிப்பிலே ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மனிதரும் மறந்த வழியை ஆறு மறக்கவில்லை.

செல்வோர் கருதத்தக்க சிலவற்றையும் சொல்லிவிடலாம். வழிபாட்டிடங்களில் மிதியடியும் தொப்பியும் களையவேண்டும். வெண்ணிற உடை சிறப்பு. நண்பகலிற் கற்றளம் நெருப்பாய்ச் சுடும். ஆதலால் வெறுங்காலோடு செல்லுமிடங்களைக் காலையில் முடித்துவிடுக. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் அங்குள்ளோர் மனத்தைப் புண்படுத்தும். நகரப்பகுதி முழுவதும் 1982 முதல் உலக மரபுரிமைத் தலமாகக் காக்கப்படுவது. உதிர்ந்த செங்கல் ஒன்றையும் நினைவுக்கென எடுத்துவரலாகாது. வெயில் ஏறியபின் அரும்பொருட்காட்சியகத்துக்கும் மரநிழல் நிறைந்த அபயகிரிக்கும் செல்லலாம். அங்குள்ள குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகத்திலே, நீர் தடாகத்துள் விழுமுன் வண்டலைத் தங்கவைக்கும் சிறு கற்றொட்டிகள் உள்ளன. அவற்றைப் பலரும் பாராது செல்வர். அங்கே பிள்ளைகளை அமர்த்தி, அவை எதற்கென்று அவர்களையே கேட்கலாம். விடை வருவதற்கு நெடுநேரம் ஆகாது.

மாலை வண்டிக்கு நேரமிருந்தால் திசாவாவிக் கட்டுக்கு மீண்டும் ஒருமுறை சென்று, யோத எல வந்து சேரும் இடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம். மழை தவறாத ஆண்டாயின், கலாவாவியிலிருந்து 54 மைல் நடந்த நீர் அங்கே ஓசையின்றிக் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.